அத்தியாயம் 7: பிரசிடெண்டை இறக்குவது எப்படி?

அபர்தீன் பஜார் மணிக்கூண்டுப் பக்கம் டீ குடிக்கும்போது தேர்தல் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும்: "இவ்வளவு ஊழல்னு ஊருக்கே தெரியுது. பிரசிடெண்டைத் தூக்க சட்டத்துல வழியே இல்லையா அண்ணே?"

பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பேன்: எந்தப் பிரசிடெண்ட்? தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய பெரியவருக்குப் பிரசிடெண்ட் என்றால் பஞ்சாயத்துத் தலைவர். தீவில் அவருக்குப் பிரதான் என்று பெயர். இரவு ஒன்பது மணிச் செய்தி பார்க்கும் அவர் மகனுக்கு அது டெல்லியில் இருக்கும் குடியரசுத் தலைவர். இன்னும் சிலர் எல்.ஜி. என்கிற துணைநிலை ஆளுநரையோ எம்.பி.யையோ மனதில் வைத்துக்கொண்டு பிரசிடெண்ட் என்பார்கள். ஆளுக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு பூட்டு. யாரை என்று தெரியாமல் வக்கீல் வீட்டுக்குப் போனால், முதல் பீஸ் அதைக் கண்டுபிடிப்பதற்கே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவரிடமிருந்து தொடங்குகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை. கீழே வர வர, செய்ய வேண்டியது கூடும்.

டெல்லியில் இருப்பவர்

தமிழ்நாட்டில் ஜனாதிபதி பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் படம். நமக்கு அவர் அதைவிட நெருக்கமானவர். அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் கிடையாது. அரசியலமைப்பின் 239ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவர்தான் தம் நிர்வாகி ஒருவர் மூலம் இந்தத் தீவுகளை நடத்துகிறார். 240ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தீவின் அமைதிக்கும் முன்னேற்றத்துக்கும் நல்லாட்சிக்கும் அவரே ஒழுங்குவிதி பிறப்பிக்கலாம். இங்கே நடப்பிலிருக்கும் நாடாளுமன்றச் சட்டத்தைக்கூட அந்த விதியால் திருத்தலாம், நீக்கலாம். நம் பஞ்சாயத்துகளும் நகராட்சியும் நடப்பது 1994ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின் கீழ்தான். அவை எந்தச் சட்டமன்றத்திலும் விவாதிக்கப்பட்டவை அல்ல. நடைமுறையில் அமைச்சரவை சொல்வதைத்தான் அவர் செய்வார், கோப்பு உள்துறை அமைச்சகத்தில்தான் நகரும். ஆனாலும் காகிதத்தில் கையெழுத்து அவருடையது.

இவ்வளவு நெருக்கமானவரைத் தேர்ந்தெடுப்பதில் நம் பங்கு என்ன? 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் மொத்த வாக்கு மதிப்பு 10,86,431. ஒரு எம்.பி.யின் வாக்கு மதிப்பு 700. நமக்கு இருப்பது ஒரே ஒரு மக்களவை எம்.பி. ஆக, தீவின் மொத்தக் குரலும் 700. தமிழ்நாட்டின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டுமே, ஆளுக்கு 176 வீதம், 41,184 வந்தது. மாநிலங்களவையில் நமக்கு இடமே இல்லை. அந்த ஒரு எம்.பி.யையும் நாமே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது 1967இல்தான். அதுவரை அவரையும் குடியரசுத் தலைவரே நியமித்தார்.

பதவியிலிருந்து நீக்கும் வழி 61ஆம் பிரிவில் இருக்கிறது. இரு அவைகளில் எதில் வேண்டுமானாலும் குற்றச்சாட்டைத் தொடங்கலாம். அந்த அவையின் மொத்த உறுப்பினர்களில் கால் பங்கினராவது கையெழுத்திட்டு, 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். மக்களவையில் தொடங்கினால் 136 கையெழுத்து, மாநிலங்களவையில் தொடங்கினால் 62. பிறகு அந்த அவையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் நிறைவேற வேண்டும். வந்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு போதாது. 543 பேர் கொண்ட மக்களவையில் அது 362. அடுத்து மற்ற அவை அதை விசாரிக்கும். குடியரசுத் தலைவர் தாமே வரலாம், வக்கீலையும் அனுப்பலாம். அங்கேயும் அதே மூன்றில் இரண்டு கிடைத்தால் அந்த நிமிடமே பதவி போகும். இந்தக் கதவை இதுவரை யாரும் திறந்ததில்லை.

இதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒன்று: குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது எம்.எல்.ஏ.க்களுக்கு வாக்கு உண்டு, நியமன எம்.பி.க்களுக்குக் கிடையாது. நீக்கும்போது அது தலைகீழாகிவிடும். எம்.எல்.ஏ.க்கள் வெளியே, நியமன எம்.பி.க்கள் உள்ளே. இரண்டு: 61ஆம் பிரிவில் ஊழல் என்ற சொல்லே இல்லை. 'அரசியலமைப்பை மீறியதற்காக' என்று மட்டும் இருக்கிறது. லஞ்சம் வாங்கினால் அது மீறலா என்று விளக்கவில்லை. தீர்ப்பு சொல்வது நீதிமன்றம் இல்லை, நாடாளுமன்றம் என்பதால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மீறல் என்றால் அது மீறல்.

இலங்கைக்காரர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களுடைய 1978 அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை லஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகத்தோடு சேர்ந்த ஊழல் எல்லாவற்றையும் பெயர் சொல்லி அடுக்குகிறது. இடையில் உயர் நீதிமன்ற விசாரணையும் உண்டு; அங்கே உயர் நீதிமன்றம் என்றால் நம் உச்ச நீதிமன்றத்துக்குச் சமம். எழுதிவைத்து என்ன பயன்? 1991இல் பிரேமதாசாவுக்கு எதிராக லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்த பிரேரணை, சபாநாயகர் மேசையைத் தாண்டவில்லை. 2022 ஜூலையில் கோத்தபய ராஜபக்ச போனது எந்த உறுப்புரையாலும் இல்லை. தெருவில் திரண்ட கூட்டத்தைக் கண்டு நாட்டை விட்டுப் போய், சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் ராஜினாமாவை அனுப்பினார். சட்டப்படி விசாரித்து அதிபரை இறக்கிக் காட்டிய நாடு வேண்டுமென்றால் தென் கொரியாவைப் பார்க்கலாம். 2017 மார்ச்சில் பார்க் கியூன் ஹையை அரசியலமைப்பு நீதிமன்றம் வெளியேற்றியது, 2025 ஏப்ரலில் யூன் சுக் யோலை.

சரி, நீக்க முடியாது. அவர் ஜெயித்த தேர்தலே செல்லாது என்று வழக்குப் போடலாமா? 71ஆம் பிரிவுப்படி அந்த வழக்கு நேரே உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போகும். போடக்கூடியவர்கள் அந்தத் தேர்தலில் நின்ற வேட்பாளர், அல்லது அதில் வாக்குரிமை உள்ள 20 பேர் சேர்ந்து. வாக்குரிமை உள்ளவர் என்றால் எம்.பி., எம்.எல்.ஏ.; நீங்களும் நானும் இல்லை. கெடு 30 நாள். 1969 தேர்தலில் ஜெயித்த வி.வி. கிரி மேல் அப்படி வழக்கு வந்தது. எதிர் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியைப் பற்றி நாடாளுமன்ற வளாகத்தில் சுற்றிய ஓர் ஆபாசத் துண்டறிக்கைதான் விவகாரம். பதவியில் இருக்கும்போதே கிரி உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். வழக்கு 1970இல் தள்ளுபடியானது. 2012இல் பிரணாப் முகர்ஜி மேல் பி.ஏ. சங்மா போட்டதும், ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம் என்று பிரிந்து, விசாரணைக்கு ஏற்காமலே முடிந்தது.

ஆகவே டெல்லியில் இருப்பவர் விஷயத்தில் தீவுவாசி செய்யக்கூடியது, நம் எம்.பி.க்குக் கடிதம் எழுதுவது. தபால் தலைக் காசுக்கு மேல் அதில் செலவழிக்க வேண்டாம்.

எல்.ஜி.யும் அதிகாரிகளும்

துணைநிலை ஆளுநரை நீக்கப் பதவி நீக்கத் தீர்மானம், வாக்கெடுப்பு என்று எதுவும் கிடையாது. நியமித்தவர் திரும்ப அழைத்தால் போக வேண்டியதுதான். 1982இல் இந்தப் பதவி வந்தது. அதற்குமுன் தலைமை ஆணையர். அவருக்கும் அதே கதைதான். மக்கள் பக்கத்தில் இருக்கும் ஒரே கைப்பிடி நீதிமன்றம். 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுவை கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் சர்க்யூட் பெஞ்சிலேயே போடலாம். ஊருக்கு இப்போது அரசு ஏட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பெஞ்சை வழக்கத்தில் எல்லோரும் பழைய பெயரிலேயே சொல்கிறார்கள்.

அந்தக் கைப்பிடி எவ்வளவு தூரம் திரும்பும் என்பதற்கு 2023 ஆகஸ்ட் நல்ல உதாரணம். தினக்கூலி மஸ்தூர்களுக்கு உயர்த்திய கூலி கொடுக்கச் சொன்ன உத்தரவு நிறைவேறவில்லை என்று நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. சர்க்யூட் பெஞ்ச் தலைமைச் செயலாளர் கேசவ் சந்திராவைப் பணியிடை நீக்கம் செய்தது, எல்.ஜி. டி.கே. ஜோஷிக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் இரண்டையும் நிறுத்திவைத்தது. அந்த ஒரு நாள் ஊரில் இனிப்புக் கொடுத்தவர்களும் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. அந்த வழக்கு ஊழல் வழக்கில்லை, பதவியைப் பறிக்கும் வழக்குமில்லை. கையில் ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டு, 'இதை ஏன் செய்யவில்லை' என்று மட்டும் கேட்ட வழக்கு. அவ்வளவு குறுகலான கேள்வி என்பதால்தான் அவ்வளவு உயரத்துக்கு எட்டியது.

தனிப்பட்ட அதிகாரியின் ஊழலுக்கு முதல் படி தகவல் உரிமை மனு. 10 ரூபாய், 30 நாள். பதில் வராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். ஒன்றியப் பிரதேசம் என்பதால் நமக்கு மாநில ஆணையம் கிடையாது. காகிதம் கைக்கு வந்த பிறகு லோக்பால். எம்.பி.க்களும் ஒன்றிய அரசு ஊழியர்களும் அதன் வரம்புக்குள் வருவார்கள், குடியரசுத் தலைவர் வர மாட்டார். குற்றம் நடந்து 7 ஆண்டுக்குள் புகார் போக வேண்டும். கோபத்தில் எழுதி அனுப்பிவிடாதீர்கள். பொய்ப் புகார் என்று தெரிந்தே கொடுத்ததாக முடிவானால் ஓராண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு.

எம்.பி.: இங்கேதான் உங்கள் கைக்கு வேலை

தேர்ந்தெடுத்த எம்.பி.யை நடுவில் திரும்ப அழைக்கும் உரிமை இந்தியாவில் வாக்காளருக்கு இல்லை. குற்ற வழக்கில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால் பதவி தானாகப் போகும். மேல்முறையீடு செய்தாலே பதவியில் நீடிக்கலாம் என்றிருந்த சலுகையை 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. கேள்வி கேட்கக் காசு வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்களை நாடாளுமன்றமே வெளியேற்றியதும் உண்டு. இவை எதுவும் உங்கள் கையில் இல்லை.

உங்கள் கையில் இருப்பது தேர்தல் மனு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதைத் தோற்ற வேட்பாளருக்கு மட்டும் கொடுக்கவில்லை, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளருக்கும் கொடுத்திருக்கிறது. தேனியில் 2019இல் ஜெயித்த ஓ.பி. ரவீந்திரநாத்தின் வெற்றி செல்லாது என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த மனுவைப் போட்டவர் ஒரு வாக்காளர்தான். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

வாக்கெடுப்புக்கு முன்னாலேயே ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. நாமக்கல்லில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி 1952இல் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். தேர்தல் முடியட்டும், பிறகு மனு போடுங்கள் என்றார்கள். அரசியலமைப்பின் 329ஆம் பிரிவுக்கு அன்று சொன்ன பொருள்தான் இன்றும்.

மனுவுக்குக் கெடு 45 நாள். வெற்றி அறிவித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 2024 தேர்தலையே எடுங்கள். ஜூன் 4 முடிவு, ஜூலை 19 கடைசி நாள். நடுவில் உள்ள நாட்கள் என்ன மாதிரி நாட்கள் என்று மெயின்லேண்டுக்காரருக்குப் புரியாது. தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். ஹட் பே கப்பல் இன்று இல்லை என்பார்கள், கேம்ப்பெல் பே கப்பல் எப்போது என்றே சொல்ல மாட்டார்கள். மேகம் இறங்கினால் விமானம் சென்னைக்கே திரும்பிவிடும். இதையெல்லாம் சொல்லி நீதிபதியிடம் கூடுதல் நாள் கேட்க முடியுமா? முடியாது. தாமதத்தை மன்னிக்கும் பொதுவான காலவரம்புச் சட்டப் பிரிவு தேர்தல் மனுவுக்குப் பொருந்தாது என்று 1974இலேயே முடிவாகிவிட்டது. கப்பல் வராததற்கும் சேர்த்துத்தான் உங்களுக்கு 45 நாள்.

இன்னொன்று, பலர் இதில்தான் சறுக்குவார்கள்: மனுவை மனுதாரரே நேரில் போய்க் கொடுக்க வேண்டும். வக்கீல் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் போதாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் உயர் நீதிமன்றம் கல்கத்தா. எந்தப் பதிவகத்தில் கொடுப்பது என்பதை முதல் வாரத்திலேயே வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்து, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனு எழுதத் தொடங்குங்கள். எழுதி முடித்துவிட்டு டிக்கெட் தேடாதீர்கள். சாட்சி விசாரணையைத் தன் இருப்பிடத்துக்கு வெளியே நடத்த உயர் நீதிமன்றத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. திக்லிப்பூர்க் கிழவியைக் கல்கத்தா வரை இழுக்காமல் போர்ட் பிளேரில் விசாரிக்கும்படி கேட்டுப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: டெபாசிட் 2,000 ரூபாய். எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல், ஒவ்வொன்றிலும் 'உண்மை நகல்' என்று உங்கள் கையெழுத்து. ஊழல் முறைகேடு என்று குற்றம் சாட்டினால், அதற்கென்று உள்ள 25ஆம் படிவத்தில் தனிப் பிரமாணப் பத்திரம். யார் மேல் முறைகேடு சொல்கிறீர்களோ அந்த வேட்பாளரை எதிர்மனுதாரராகச் சேர்த்தே ஆக வேண்டும். அவர் தோற்றவராக இருந்தாலும் சரி. டெபாசிட், நகல், ஆள் சேர்ப்பு இவற்றில் ஒன்று பிசகினாலும், நீங்கள் சொல்வது உண்மையா பொய்யா என்று பார்க்காமலேயே மனு வெளியே போகும்.

இனி காரணம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100ஆம் பிரிவில் காரணங்கள் இரண்டு வகை. முதல் வகை: ஜெயித்தவருக்குத் தகுதியே இல்லை, அவரோ அவருடைய தேர்தல் ஏஜெண்டோ, அவர் சம்மதத்தோடு வேறு யாரோ ஊழல் முறைகேடு செய்தார், யாரோ ஒருவரின் வேட்புமனுவைத் தவறாக நிராகரித்தார்கள். இதில் ஒன்றை நிரூபித்தாலே போதும், வாக்கு வித்தியாசம் பற்றிப் பேச வேண்டாம். இரண்டாம் வகை: செல்லாத வாக்கை எண்ணினார்கள், செல்லும் வாக்கை ஒதுக்கினார்கள், விதியைக் கடைப்பிடிக்கவில்லை. இங்கே தவறு நடந்ததைக் காட்டினால் மட்டும் போதாது, அதனால் முடிவே மாறியது என்றும் காட்ட வேண்டும். நம் தொகுதியில் 2019இல் குல்தீப் ராய் சர்மா ஜெயித்த வித்தியாசம் 1,407. 2024இல் பிஷ்ணு பத ராய் ஜெயித்தது 24,396இல். இரண்டிலும் தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். ஒரே ஒரு வாக்குச்சாவடியில் எண்ணிக்கை குளறுபடி என்ற மனு முதலாவதில் கொஞ்ச தூரம் நடக்கும், இரண்டாவதில் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடும்.

ஊழல் முறைகேடு என்றால் என்ன என்று 123ஆம் பிரிவு அடுக்குகிறது. பணம், மிரட்டல், சாதி மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது, வேட்பாளரின் நடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது, அரசு ஊழியரின் உதவியைத் தேர்தல் வேலைக்குப் பெறுவது. இவையெல்லாம் ஊரறிந்தவை. தீவுக்காரர் விரல் வைத்துப் படிக்க வேண்டிய வரி அதற்குள் இன்னொன்று இருக்கிறது. வாக்காளரை இலவசமாக ஏற்றிப்போக 'வாகனமோ கலமோ' அமர்த்துவது முறைகேடு. மெயின்லேண்டில் அந்தக் 'கலம்' என்ற சொல்லை யாரும் கவனிக்க மாட்டார்கள். நமக்கு அது டிங்கி. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பிலிருந்து வாக்குச்சாவடிக்கு வேட்பாளர் செலவில் டிங்கி ஓடினால், அது வெறும் உதவியாகாது. வாக்காளர்கள் தாங்களே காசு போட்டுத் துடுப்புப் படகு பிடித்தாலோ, பொதுப் படகில் தங்கள் காசில் டிக்கெட் வாங்கினாலோ குற்றமில்லை. துடுப்புப் படகு என்றுதான் விதிவிலக்கு. மோட்டார் பொருத்தியது அதில் சேராது.

இதை நிரூபிக்க வேண்டிய அளவு, குற்ற வழக்கின் அளவு. 'எல்லோரும் பார்த்தார்கள்' என்பது சாட்சியம் ஆகாது. எந்த நாள், எத்தனை மணி, எந்த ஜெட்டி, படகின் பதிவு எண் என்ன, ஓட்டியவர் யார், காசு கொடுத்தது யார். மனுவிலேயே இவ்வளவும் இருக்க வேண்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு சொல்ல விட மாட்டார்கள்.

செலவுக் கணக்கும் ஒரு காரணம். நம் தொகுதியில் 2024இல் வேட்பாளரின் உச்சவரம்பு 75 லட்சம். முடிவு வந்து 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் கணக்குக் கொடுக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், கட்டணம் ஒரு ரூபாய். ஆமாம், ஒரு ரூபாய்தான். கணக்கு வருவது 30ஆம் நாள், மனுவுக்குக் கெடு 45ஆம் நாள். நடுவே உங்களுக்குக் கிடைப்பது 15 நாள். அதற்குள் அந்தக் கணக்கை நீங்கள் எடுத்துவைத்த பந்தல் படத்தோடும் பிரியாணி அண்டாவின் எண்ணிக்கையோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எண்ணிக்கையில் சந்தேகமா? அதற்கான நேரம் 45 நாள்கூட இல்லை, சில நிமிடங்கள். முடிவை அறிவிக்கும் முன் வேட்பாளரோ அவருடைய ஏஜெண்டோ மறுஎண்ணிக்கை கேட்டுத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் கத்தினால் பதிவாகாது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழியும் திறந்தது. இரண்டாம், மூன்றாம் இடத்தில் வந்தவர் முடிவு வந்து 7 நாளுக்குள் பணம் கட்டி, 5 சதவீத இயந்திரங்களின் நினைவகச் சில்லைச் சோதிக்கக் கேட்கலாம்.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் 17சி என்ற ஒரு தாள். வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் மொத்தம் எத்தனை வாக்கு விழுந்தது என்று எழுதி, அதன் நகலை ஏஜெண்டுக்குக் கொடுக்க வேண்டும். நான் ஒருமுறை ஒரு வேட்பாளரின் ஆட்களோடு உட்கார்ந்து அந்தத் தாள்களைச் சேர்த்தேன். பாதி வந்தது. ஒன்று சட்டைப் பையிலேயே துவைத்துப் பிழியப்பட்டு வந்தது. இன்னொன்று படகில் வந்த தண்ணீர் தெறித்து, 612ஆ 672ஆ என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது. அதைக் கொண்டுவந்த பையன், 'எண்ணு எனக்கு மனப்பாடம் அண்ணே' என்றான். அதன் பிறகு ஏஜெண்டுகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தாள் கைக்கு வந்த நிமிடமே அங்கேயே நின்று செல்போனில் படம் எடு, பிறகு பிளாஸ்டிக் உறையில் போடு, பிறகு படகில் ஏறு.

எவ்வளவு நாள் ஆகும்?

ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வேறு. ராதாபுரத்தில் 2016இல் மு. அப்பாவு 49 வாக்கில் இன்பதுரையிடம் தோற்றார். தபால் வாக்குகள் சிலவற்றைத் தவறாக ஒதுக்கினார்கள் என்பது அவர் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணியும் முடித்தார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அறிவிக்கும் முன் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது. 2021இல் அப்பாவு மறுபடி நின்று ஜெயித்துச் சபாநாயகராகிவிட்டார். பிரதமரின் வெற்றியையே செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்பு 1975 ஜூன் 12இல் வந்தது; ராஜ் நாராயண் வழக்குப் போட்டது 1971இல். அதன் பிறகு நடந்தது நெருக்கடிநிலை.

ஆகவே மனுப் போட வருகிறவரிடம் நான் கேட்பது: பதவிக்காகப் போடுகிறீர்களா, பதிவுக்காகப் போடுகிறீர்களா? ஊழல் முறைகேடு நிரூபணமானால் அந்த ஆளை ஆறு ஆண்டு வரை தேர்தலில் நிற்க விடாமல் செய்ய முடியும். அது காலம் கடந்து வந்தாலும் வேலை செய்யும். நாற்காலி மட்டும் வேண்டும் என்பவர், அடுத்த தேர்தலுக்கு வீடு வீடாக நடப்பது மலிவு.

பிரதானும் கவுன்சிலரும்

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது டெல்லியிலுள்ள இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை, தீவுக்கென்று இருக்கும் தனி ஆணையம். புகாரை மாற்றி அனுப்பினால் அது திரும்பி வருவதற்குள் கெடு போய்விடும். எம்.பி. தேர்தலுக்கு உள்ள பூட்டு இங்கேயும் உண்டு. 243ஓ பிரிவு பஞ்சாயத்துக்கும், 243இசட்.ஜி பிரிவு நகராட்சிக்கும் தேர்தல் மனுவைத் தவிர வேறு வழியை அடைத்துவிடுகின்றன. நேரே ரிட் போடப் போகாதீர்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர நினைத்தால், 1994 ஒழுங்குவிதியின் பிரதியை வாங்கி உங்கள் பஞ்சாயத்துக்கு உரிய பிரிவை நீங்களே படித்து, கையெழுத்து எண்ணிக்கையையும் அறிவிப்பு நாளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மச்சான் செய்ததை இங்கே செய்யக் கூடாது. அங்கே 205ஆம் பிரிவுப்படி கலெக்டர் தலைவரை நீக்கலாம். அது தமிழ்நாட்டுச் சட்டம், கடலைத் தாண்டி வராது.

நிக்கோபாரிப் பழங்குடி கிராமங்களில் பஞ்சாயத்தே இல்லை. அங்கே பழங்குடி மன்றமும் கேப்டனும். அதற்கு 2009ஆம் ஆண்டின் தனி ஒழுங்குவிதி. வெளியிலிருந்து போனவர்கள் அதில் மூக்கை நுழைக்காமல் இருப்பது நல்லது.

நகராட்சிக் கவுன்சிலர் மேல் மனு என்றாலும், எம்.பி. மேல் மனு என்றாலும், முடிவு வந்த அன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் தினசரி நாட்காட்டி தொங்கும் இல்லையா? உங்கள் தேர்தலுக்கு விதி சொல்லும் கடைசி நாளை எண்ணிப் பார்த்து அந்தத் தாளில் சிவப்பு மையால் சுழியுங்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் உள்ள தாளில் 'மனு தயார்' என்று எழுதுங்கள். அதற்கும் முன்னால், கப்பல் போகும் நாளில், 'டிக்கெட்'.